13 சென்டிமீட்டரைக் கூட்டுங்கள்: குடும்பப் படம் போடும் முறை

என் அக்கா மகன் கேரள போலீஸ் தேர்வுக்கு எழுதிப் போட்டிருந்தான். ஆணுக்கு 168 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஒருநாள் சாயங்காலம் திண்ணைச் சுவரில் நிறுத்தி அளந்தார்கள், 167.5. அரை சென்டிமீட்டருக்கு வீடே இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மச்சான் அக்காவைப் பார்த்து, "எங்க கூட்டத்துல குள்ளன்னு ஒருத்தன் உண்டா? எல்லாம் உன் பக்கத்துச் சீர்" என்றார். அக்கா 149. பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 24 வருடம் விலங்கியல் நடத்தியவள். ஓய்வுபெற்றும் வாய் ஓயவில்லை. அன்றைக்கு ராத்திரி பழைய காலண்டர் தாளை எடுத்துக் குடும்பப் படம், அதாவது யார் யாருக்குப் பிறந்தவர் என்று காட்டும் கோட்டுப் படம், போட்டேன். போட்டு முடித்தபோது அந்த வீட்டிலேயே உயரமான ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. மச்சானும் இல்லை, பையனும் இல்லை. அது எப்படி என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பென்சில், ரப்பர், தையல்கார டேப், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், இவ்வளவு போதும். பேனா வேண்டாம். நம் குடும்பங்களில் ஒருவரைப் பற்றிய தகவல் மூன்று அத்தைகளைக் கேட்டால் மூன்று விதமாக வரும். அழித்து எழுத வேண்டியிருக்கும்.

கோடு போடுவது

தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு இடையே ஒரு கோடு, அதிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் பிள்ளைகள், மூத்தவர் இடதுபக்கம். இறந்தவர்மேல் குறுக்கே ஒரு கீறல். சொந்தத்தில் கல்யாணம் என்றால் கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு. எங்கள் பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டியிருப்பார்கள். அதனால் ஒரே தாத்தா படத்தில் இரண்டு இடத்தில் தலைகாட்டுவார். பயப்பட வேண்டாம், ஒரே இடத்தில் வரைந்து கோட்டை இழுத்துக்கொண்டு வந்து சேருங்கள். படம் கொஞ்சம் சிலந்தி வலை மாதிரி ஆகும்.

குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். இதில்தான் முதல் தப்பு நடக்கிறது. எங்கள் ஆட்களிடம் "உங்க முன்னோர் யாரு?" என்று கேட்டால் அப்பாரு, அவருக்கு அப்பாரு என்று ஏணி மாதிரி ஏறிப் போய்க் குலதெய்வக் கோவிலில் நிற்பார்கள். அம்மாயியின் அம்மா பேர் கேட்டால் விழிப்பார்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் நாயர் வீட்டில் நேர் எதிர். அங்கே தறவாடு என்றால் பழைய முறைப்படி அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா என்று ஓடும். அப்பாவின் அப்பா யார் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

ஒரு விலங்கியல் டீச்சருக்கு இது வேடிக்கையான ஊர். எங்கள் கூட்டம், அதாவது அப்பன் வழிக் குலம், ஓடும் வழி, ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் ஓடும் வழி: அப்பனிடமிருந்து மகனுக்கு. தறவாடு ஓடும் வழி, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஓடும் வழி: அம்மாவிடமிருந்துதான் எல்லாப் பிள்ளைகளுக்கும். இரண்டுமே நிஜமான இழைகள்தான். ஆனால் எவ்வளவு மெல்லிய இழைகள் என்று பாருங்கள். புரதம் செய்யும் ஜீன்கள் நமக்குச் சுமார் 20,000. ஒய்யில் இருப்பவை நூறை ஒட்டித்தான். அந்தக் குரோமோசோமை முனையிலிருந்து முனை வரை படித்து முடித்ததே 2023-ல்தான். மைட்டோகாண்ட்ரியாவில் மொத்தமே 37 ஜீன்கள். உயரம், சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்புச் சதை இதெல்லாம் ஆயிரக்கணக்கான ஜீன் வேறுபாடுகள் சேர்ந்து உண்டாக்கும் குணங்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான 22 ஜோடிக் குரோமோசோம்களில் இருக்கின்றன. அந்த 22-ம் அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து வருகிறது, அது ஒய்யைவிடப் பெரியது, மைட்டோகாண்ட்ரியாவும் அம்மாவுடையது. ஆகவே கறாராகக் கணக்குப் பார்த்தால் மகனுக்கு அம்மா கொடுத்தது அப்பா கொடுத்ததைவிட ஒரு பிடி அதிகம். இதை மச்சானிடம் சொன்னேன். அவர் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சரி, படத்துக்கு வருவோம். அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மாயி என்று இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி நாலு பேரும் ஒரே வரிசையில், ஒரே அளவுப் பெட்டியில் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன அத்தைகளும் சின்னம்மாக்களும் விட்டுப்போகக் கூடாது. "அவ வேற வீட்டுக்குப் போயிட்டா" என்பது ரேஷன் கார்டுக்குச் சரி, ஜீனுக்குச் சரிவராது.

அளப்பது

செருப்பில்லாமல், குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரைத் தொட, பார்வை நேராக. கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டித் தலைமேல் இறக்கி, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு. எல்லாரையும் ஒரே நேரத்தில், காலையிலேயே அளந்துவிடுங்கள். படுத்து எழுந்த உடம்பு சாயங்கால உடம்பைவிட ஒரு சென்டிமீட்டராவது உயரம். நாள் முழுக்க நிற்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கிவிடுகின்றன. எங்கள் பையனை மறுநாள் காலை ஆறு மணிக்கு அளந்தபோது 168.3. வீட்டில் வாசல் தெளிக்கக்கூட மறந்துவிட்டார்கள்.

வயதானவர்கள்தான் சிரமம். கூன் விழுந்த பாட்டியைச் சுவரில் நிறுத்தினால் கிடைக்கும் எண் பொய். அவர்களுக்கு இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரிக்கச் சொல்லி நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளக்கலாம். அது இளமைக்கால உயரத்துக்குப் பக்கத்தில் வரும், கொஞ்சம் முன்னே பின்னே. இறந்தவர்களுக்கு? ராணுவத்தில் இருந்தவர் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உயரம் இருக்கும். வளைகுடாவுக்குப் போய் வந்தவர் வீட்டில் கையால் எழுதிய பழைய பாஸ்போர்ட் கிடந்தால் அதிலும் இருக்கும். கல்யாண போட்டோவை நம்பாதீர்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் பெண்ணை உட்காரவைத்து மாப்பிள்ளையை நிற்கவைத்துவிடுவார்கள்.

கூட்டுவது

இப்போதுதான் விஷயமே. எண்களை அப்படியே வைத்து ஆணையும் பெண்ணையும் ஒப்பிட முடியாது. எங்கள் படத்தில் மச்சான் 171, அக்கா 149, பையன் 168, அவன் தங்கை 161. பார்த்தால் மச்சான்தான் உயரம். ஆனால் ஒரு பெண் உயரமா குட்டையா என்பதைப் பெண்களோடு வைத்துத்தானே சொல்ல வேண்டும்? ஆண்களின் சராசரிக்கும் பெண்களின் சராசரிக்கும் இடையே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் இருக்கிறது. குழந்தை மருத்துவர்கள் பிள்ளை எவ்வளவு வளரும் என்று பார்க்கும் கணக்கில் இந்த 13-ஐத்தான் வைக்கிறார்கள். அப்பா உயரம், அம்மா உயரம் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். மச்சான் 171, அக்கா 149, கூட்டினால் 320. பையனுக்கு 333-ல் பாதி, 166.5. பெண்ணுக்கு 307-ல் பாதி, 153.5. இது நடு எண்தான். மேலேயும் கீழேயும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வரை தள்ளிப் போவது சாதாரணம்.

ஆகப் பையன் குள்ளமே இல்லை, எதிர்பார்த்ததைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கூடவே வளர்ந்திருக்கிறான். தங்கையோ ஏழரை கூட. இப்போது வட்டங்களுக்குள் இருக்கும் எல்லா எண்களோடும் 13-ஐக் கூட்டி, பக்கத்தில் சின்னதாக எழுதுங்கள். அக்கா 162. மகள் 174. அதாவது அந்த வீட்டில் எல்லாரையும்விட உயரமான ஆள், சாப்பாட்டு மேஜையில் "நீ ஒரு ஓரமா உக்காரு" என்று சொல்லப்படுகிற பதினெட்டு வயதுப் பெண்தான்.

இந்த உயரம் எங்கிருந்து வந்தது? மச்சானின் அம்மா, எனக்கு அத்தை, எண்பது தாண்டிக் கூன் விழுந்து நாலடியாகத் தெரிவார். கைகளை விரிக்கச் சொன்னேன். "ஏன் சாமி, சட்டை தைக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே விரித்தார். 161. ஒன்றிரண்டு கழித்து 159 என்று வைத்தாலும் 13 கூட்டினால் 172. அவருடைய கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஐந்தடி ஐந்து அங்குலம், 165. "எங்க கூட்டத்துல குள்ளன் இல்லை" என்று மச்சான் மார்தட்டிய உயரம் கூட்டத்தின் வழி வந்ததில்லை. வேறு கூட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. பெண் என்பதால் அறுபது வருடமாக யாருக்கும் அது உயரமாகத் தெரியவில்லை.

கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கலாம். 1886-ல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன் 205 தம்பதிகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் என்று கணக்கெடுத்தபோது பெண்களின் உயரத்தையெல்லாம் 1.08 ஆல் பெருக்கி ஆண் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். 161-ஐ 1.08 ஆல் பெருக்கினால் 173.9, நம் 174-தான். மனித இனத்தைப் பொறுக்கி எடுத்து வளர்க்க வேண்டும் என்று கொள்கை கிளப்பியவரும் அதே ஆள். 1.08-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிடுவோம்.

பெருக்கினாலும் கூட்டினாலும் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருகிறதே, அது ஏன்? ஆணின் உயரத்துக்கும் பெண்ணின் உயரத்துக்கும் ஜீன்கள் ஏறக்குறைய ஒன்றேதான். தனித்தனிப் பட்டியல் இல்லை. 2022-ல் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்து டிஎன்ஏவில் உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்களைக் குறித்தார்கள். மகளை உயர்த்தும் இடங்கள்தான் மகனையும் உயர்த்துகின்றன.

மடை

அப்படியானால் 13 சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது? ஆழியாறு தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வாய்க்கால் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். மடைப் பலகையை எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பதில் இருக்கிறது இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் வித்தியாசம். ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு ஜீன், 1990-ல் கண்டுபிடித்தார்கள். கருவில் அது வேலை செய்தால் விதைப்பை உருவாகும், அது ஆண் ஹார்மோனைச் சுரக்கும். அப்புறம் உடம்பு முழுக்க உள்ள பொதுவான ஜீன்களின் மடைகளை ஹார்மோன்கள் ஏற்றி இறக்குகின்றன. பையன்களுக்கு வளர்ச்சி வேகம் பிடிப்பது பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் தாமதம். அந்த இரண்டு வருடமும் எலும்பு சும்மா இருப்பதில்லை. ஹார்மோன் மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. எஸ்எச்ஓஎக்ஸ் என்று எலும்பு வளர்ச்சிக்கான ஒரு ஜீன் எக்ஸிலும் இருக்கிறது, ஒய்யிலும் இருக்கிறது. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள டர்னர் நிலைப் பெண்கள் குட்டையாக இருக்க இதன் ஒற்றைப் பிரதி ஒரு முக்கியக் காரணம்.

"பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், அப்ப எல்லாமே டபுளா டீச்சர்?" என்று வருடா வருடம் ஒரு பிள்ளை கேட்கும். இல்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் ஒடுங்கிவிடும் என்று மேரி லயன் 1961-லேயே சொன்னார். மூன்று நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம்: சில செல்களில் மஞ்சள் நிறத்து எக்ஸ் விழித்திருக்கிறது, சிலவற்றில் கறுப்பு நிறத்து எக்ஸ். ஆனால் ஒடுங்கிய எக்ஸிலும் ஏறக்குறைய 15 சதவீத ஜீன்கள் தூங்குவதில்லை.

மடை உவமை என் கற்பனை என்றாலும் 2023-ல் வந்த ஓர் ஆய்வு இதே பக்கம்தான் போகிறது. இங்கிலாந்தில் ஐந்து லட்சம் பேரின் உடல் தகவலைத் திரட்டி வைத்திருக்கும் யுகே பயோபேங்க்கிலிருந்து 27 குணங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆண் பெண் வேறுபாடு இருக்கும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அதே ஜீன்கள், அதே திசை, ஒரு பாலில் வேகம் கூடுதல். விதிவிலக்குகளும் உண்டு. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவை ஆணில் தீர்மானிக்கும் ஜீன் வேறுபாடுகளுக்கும் பெண்ணில் தீர்மானிப்பவற்றுக்கும் பொருத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆணில் அது பெரும்பாலும் விதைப்பையின் சரக்கு, பெண்ணில் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்து தருவது. இடுப்புக்கும் புட்டத்துக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கும் நடுவே: 2010-ல் குறித்த 14 இடங்களில் 7 பெண்களிடம் கூடுதல் வலுவோடு வேலை செய்தன. ஆகவே படத்தில் இடுப்பு அளவு எழுதுவதென்றால் அம்மா, அத்தை, சின்னம்மா, அக்காவை ஒன்றாகவும் ஆண்களைத் தனியாகவும் ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் இடுப்பு அளவு எழுத யாரும் சம்மதிக்கவில்லை.

நோயைக் குறிப்பது

உயரம் விளையாட்டு. படம் போடுவதன் உண்மையான பயன் இந்தப் பகுதியில்தான். நோய் உள்ளவர் பெட்டியைப் பாதி கறுப்பாக்குங்கள். பக்கத்தில் இரண்டு எண்கள்: நோய் தெரிந்த வயது, இறந்திருந்தால் இறந்த வயது. "வயசானா வர்றதுதானே" என்பார்கள். விடாதீர்கள். 45-ல் வந்த சர்க்கரையும் 75-ல் வந்த சர்க்கரையும் ஒன்றில்லை.

இங்கேயும் பால் வேறுபாட்டுக்குக் கணக்கு உண்டு. ஒரு நோய் ஆண்களுக்கு அதிகம் வருகிறது என்று வையுங்கள். இரண்டு வயல், ஒன்றின் வரப்பு தாழ்வு, மற்றதன் வரப்பு உயரம். தாழ்ந்த வரப்பைத் தண்ணீர் தாண்டினால் கொஞ்சம் மழை பெய்திருக்கும். உயர்ந்த வரப்பைத் தாண்டிவிட்டதென்றால் பெருமழை பெய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு அபூர்வமாக வரும் நோய் ஒரு பெண்ணுக்கு வந்திருந்தால் அவளிடம் அந்த நோய்க்கான ஜீன் பாரம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. அதில் பாதி பிள்ளைகளுக்கு இறங்கும். இங்கிலாந்து மருத்துவர் கார்ட்டர் 1960-களில் கைக்குழந்தைகளுக்கு இரைப்பையின் கீழ்வாய் இறுகிப் பால் கக்கும் நோயில் இதைக் காட்டினார். ஆண் குழந்தைகளுக்குத்தான் அது பல மடங்கு அதிகம். அந்த நோய் இருந்து பிழைத்து வளர்ந்த அப்பாக்களின் மகன்களில் நூற்றுக்கு ஐந்து சொச்சம் பேருக்கு வந்தது. அம்மாவுக்கு இருந்திருந்தால் மகன்களில் நூற்றுக்கு 19 பேருக்கு.

அதனால் படத்தில் "வராத பாலுக்கு வந்த நோய்" எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு நட்சத்திரம் போடுங்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன்பே யூரிக் அமில வாதம் வந்த பெண்ணுக்கு நட்சத்திரம். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் அமிலத்தைத் தள்ளிவிடும், அதையும் மீறி வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த ஆணுக்குக் கட்டாயம் நட்சத்திரம்; அப்படி ஒருவர் இருந்தால் பிஆர்சிஏ என்ற மார்பகப் புற்றுநோய் ஜீன்களுக்கான பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும், அதில் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் சேதி இருக்கிறது. எங்கள் ஊரில் இதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். "நெஞ்சுல கட்டி, எடுத்தாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இன்னொரு கேள்வி கேளுங்கள்.

மாரடைப்புக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பு இரண்டு: அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65-க்கு முன் வந்திருந்தால் குடும்ப வரலாறு உண்டு என்று எடுப்பார்கள். பெண்ணுக்குப் பத்து வருடம் தள்ளி. இந்த இரண்டாவது எண்ணை நான் பாடம் நடத்திய காலத்தில் தெரிந்து வைத்திருக்கவில்லை. என் அம்மாவுக்கு 61 வயதில் ஒரு மத்தியானம் தாடையும் முதுகும் வலிக்கிறது என்றார், சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது, குமட்டல். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஈசிஜி எடுக்கவில்லை. வாய்வு என்று சொல்லி ஒரு மாத்திரையும் வெள்ளை டானிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் நாள் விடிகாலை போய்விட்டார். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதல் அறிகுறி என்றாலும் தாடை, முதுகு, மூச்சுத்திணறல், குமட்டல் என்று வருவது ஆண்களைவிட அவர்களிடம் கூடுதல். அது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது, வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தவரும் அந்த நினைப்பில் இல்லை.

பல வருடம் கழித்து என் தம்பி உடம்பைக் காட்டப் போனபோது, "குடும்பத்தில் யாருக்காவது இதய நோய்?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை, அப்பா 82 வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அம்மா நினைவுக்கே வரவில்லை. எங்கள் படத்தில் அம்மாவின் வட்டத்தைப் பாதி கறுப்பாக்கி 61 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், ஈசிஜி இல்லாததால். தம்பி இப்போது அந்தத் தாளின் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறான்.

வழுக்கைக்கும் ஒரு வரி. "தாய்மாமன் தலையைப் பாரு, உன் தலை தெரியும்" என்று இங்கே சொல்வார்கள். பாதி உண்மை. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஜீன் எக்ஸில் இருக்கிறது, மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான். ஆனால் 2017-ல் 52,000 ஆண்களைப் பார்த்த ஆய்வில் 287 இடங்கள் தொடர்புடையவை என்று வந்தது. எக்ஸில் இருந்தவை 40 மட்டுமே. அப்பாவின் தலையையும் பாருங்கள்.

ஒரே ஜீனால் வருபவற்றை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம். நிறக்குருடு, ஹீமோபிலியா எக்ஸ் வழியாக அம்மாவிடமிருந்து மகனுக்கு இறங்குபவை. அட்டப்பாடி மலையில் அதிகம் காணும் அரிவாள் செல் நோய் இரண்டு பாலுக்கும் சமமாக வரும். அவற்றுக்குத் தனிப் படம், தனி மருத்துவர்.

படம் எதைச் சொல்லாது

படம் போட்டதும் ஒரு மயக்கம் வரும், எல்லாமே ஜீனில் எழுதியிருக்கிறது என்று. கொஞ்சம் பொறுங்கள். 1896-ல் பிறந்த தென் கொரியப் பெண்களைவிட 1996-ல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருடத்தில் ஜீன் மாறவில்லை, சோறு மாறியது. எங்கள் அத்தை வளர்ந்த காலத்தில் ராகிக்கூழே பெரிய விஷயம்; இன்றைக்கு உண்பதை அன்றைக்குத் தின்றிருந்தால் அவர் என்ன உயரம் போயிருப்பாரோ.

உயரத்தின் வேறுபாட்டில் 80 சதவீதம் பரம்பரை என்று படித்திருப்பீர்கள். அது ஒரே மாதிரி வளர்ந்த ஒரு கூட்டத்துக்குள்ளே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் எண். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஏன் இடைவெளி என்று அது சொல்லாது. எங்கள் சித்தூர் தாலுகாவில் கிழக்கே வடகரப்பதி, எருத்தேம்பதி வானம் பார்த்த பூமி. மேற்கே போனால் பாசன வயல். ஒரே மூட்டை நிலக்கடலையைப் பாதி அங்கே பாதி இங்கே விதையுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் செடிக்குச் செடி வேறுபாடு விதையால் வரலாம். இரண்டு வயலுக்கும் உள்ள வேறுபாடு தண்ணீரால் வந்தது. "கணக்கு பெண்களுக்கு வராது, அது ஜீன்" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் நான் கடலைக் கதையைத்தான் எடுப்பேன். வீட்டில் அண்ணனுக்கு டியூஷன், தங்கைக்குப் பாத்திரம் என்று இருந்தால் இரண்டும் ஒரே வயல் இல்லை.

செய்தியில் "ஆண்களை மட்டும் தாக்கும் ஜீன்" என்று வந்தால் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஆண்களில் தொடர்பு தெரிந்தது, பெண்களில் தெரியவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் தாளைத் திருப்பிவிடுவேன். பெண்கள் குறைவாகச் சேர்க்கப்பட்டிருந்தாலே பெண்களிடம் தெரியாமல் போகும். இரண்டு பாலையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டார்களா என்பதுதான் கேள்வி. அடுத்தது, யாரை அளந்தார்கள். அந்த 54 லட்சம் பேரில் பெரும்பங்கு ஐரோப்பிய வழியினர். அதனால்தான் அந்த உயரக் கணக்கு ஐரோப்பியர்களிடம் வேறுபாட்டில் 40 சதவீதத்தை விளக்குகிறது, மற்றவர்களிடம் 10 முதல் 20 சதவீதம்தான். எச்சிலை அனுப்பினால் பிள்ளையின் உயரத்தையும் குணத்தையும் சொல்கிறோம் என்று விளம்பரம் வந்தால் அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

பத்திரம்

படத்தில் இருப்பது குடும்பத்தின் அந்தரங்கம். கல்யாணத் தரகர் கண்ணில் படவே கூடாது; பாதி கறுத்த ஒரு வட்டத்தைப் பார்த்து, விவரம் தெரியாமல் ஒரு பெண்ணின் சம்பந்தத்தையே தட்டிவிடுவார்கள். தத்தெடுத்த பிள்ளை இருந்தால் அந்தக் கோட்டைப் புள்ளிக் கோடாகப் போட வேண்டும். அதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாதென்றால் ஊருக்குக் காட்டும் படத்தில் அதைத் தொடாதீர்கள். தகவல் கேட்கத் தோதான இடம் பதினாறாம் நாள் காரியம். எல்லா அத்தைகளும் ஒரே பந்தலில் இருப்பார்கள், இறந்தவரைப் பற்றித்தான் பேச்சே இருக்கும், "அவருக்கு எத்தனை வயசுல சுகர் வந்துச்சு?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்கள் பிரதி ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து இருக்கிறது. தம்பியிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று. அக்கா தன் பிரதியில் 149-ஐ அடிக்காமல், பக்கத்தில் 162 என்று சிவப்புப் பேனாவில் எழுதிவைத்திருக்கிறாள். பேனா வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மகள் அடுத்த வருடம் தமிழ்நாடு போலீஸுக்குப் போடலாமா என்று கேட்கிறாள். அங்கே பொதுப் பிரிவிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் ஆணுக்கு 170, பெண்ணுக்கு 159. கேரளாவில் பெண்ணுக்கு 157. இரண்டு இடத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 11 சென்டிமீட்டர் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். காலையில் போய் நின்றாலும் சாயங்காலம் போய் நின்றாலும் அவள் தேறிவிடுவாள்.